இரண்டு படிக்கு ஒரு விளக்கு

நவம்பர் முதல் வாரம். சூப்பீரியர் ஏரி
ஈயத் தகடு மாதிரி மல்லாந்து கிடந்தது.
டுலூத்தின் மலைச்சரிவில் எங்கள் வீடு.
தெருவிலிருந்து வாசலுக்குப் பத்தொன்பது படிகள்,
ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை.

நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில்
ஆர்வோவுக்கு மாலைக்கண்.
பகலில் மீன்முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவைப்பவன்
அந்தி சாய்ந்ததும் என் தோளைத் தேடுவான்,
தேடாதது போலவே.

கடையில் டேல் சாண்ட்விக்
ஒவ்வொரு பல்பாகப் பொருத்திக் காட்டினான்.
ஐயாயிரம் கெல்வின்:
பிணவறை.
நாலாயிரம்:
பல் டாக்டரின் நாற்காலி, வாயைத் திற.
இரண்டாயிரத்து எழுநூறு…
"வெண்ணெய் உருகப்போகிற நிறம்" என்றான் ஆர்வோ.
டேல் அதைப் பில்லில் எழுதிக்கொண்டான்.
வெண்ணெயை அல்ல, எண்ணை.

"எத்தனை லூமன் வேண்டும்?"
"நிறைய" என்றேன்.
வெளிச்சம் என்றால் நிறைய என்றுதானே நினைப்போம்.
ஆர்வோ தலையாட்டினான், இல்லை என்று.
"கண்ணுக்குள் விழும் வெளிச்சம்
எதிரே வருகிற லாரி.
விளக்கு எனக்குத் தெரிய வேண்டாம்.
விளக்கு எதைப் பார்க்கிறதோ
அது தெரிந்தால் போதும்."

நான் விளம்பரத் தாளை விரித்தேன்:
பிர்ச் மரத்தடியில் அண்ணாந்து எரியும் ஒரு விளக்கு,
பட்டை முழுக்க வெள்ளி.
"மரம் எங்கே என்று எனக்குத் தெரியும், வெர்னா.
முப்பது வருஷமாக அது நகரவில்லை.
தரை எங்கே இறங்குகிறது, அதைக் காட்டு."

பத்து விளக்குகள் வாங்கினோம்.
கணுக்கால் உயரம், கவிழ்த்த குடை.
அலுமினியம் வேண்டாம், சாலை உப்பு தின்றுவிடும்; பித்தளை.
கம்பி தடிமனாக இருக்கட்டும் என்றான் டேல்,
இல்லாவிட்டால் கடைசி விளக்குக்குப் போய்ச் சேர்வதற்குள்
பன்னிரண்டு வோல்ட்டும் களைத்துப்போகுமாம்.
மேல்படிக்கு வரும்போது நானும் அப்படித்தான்.

பதினொன்றாவதை நான் கூடையின் அடியில் வைத்தேன்.
அது பிர்ச்சுக்கு.
ஆர்வோ எதுவும் கேட்கவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை தந்தான் டேல்:
"இது சூடாகாது.
பழைய ஹாலஜன் தன்னைச் சுற்றிப் பனியை உருக்கும்.
இது உருக்காது. நீங்கள்தான் துடைக்க வேண்டும்."

உண்மைதான். பழைய விளக்கைச் சுற்றி
ஜனவரியிலும் தட்டளவு கறுப்பு மண் தெரியும்.
லிண்ட்க்விஸ்ட் வீட்டுப் பூனை
அதில் வந்து உட்கார்ந்திருக்கும், வாடகை தராமல்.
இருபது வாட் வேலையை மூன்று வாட்டில் முடிக்கிற விளக்கு
பூனைக்கென்று எதையும் மிச்சம் வைப்பதில்லை.
அதற்காக நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.
மின்கட்டணம் வந்தபோது நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் ஒன்பது.
கல்யாண வீட்டிலிருந்து திரும்பிக் காரை விட்டு இறங்கினால்
படிகள் இல்லை.
விளக்குகளும் இல்லை.
ஒரு சாண் பனி எல்லாவற்றையும் மழித்திருந்தது.
துடைப்பம் மேலே, வாசலில்.
நான் ஆர்வோவின் கையைப் பிடிக்கப் போனேன்.

"இரு" என்றான்.

பிறகுதான் நானும் பார்த்தேன்.
பனிக்குள் ஒளிந்த இடத்திலிருந்து
பத்துப் பித்தளைக் குடைகளும் எரிந்துகொண்டிருந்தன.
கதிர் இல்லை, நிழல் இல்லை, கூச்சம் இல்லை.
வெள்ளையின் அடியில் மஞ்சள் ஊறி
ஒவ்வொரு மேடும் உள்ளே விழித்திருக்கும் முட்டை போல.

என் தோளிலிருந்து கையை எடுத்தான்.
ஊக்ஸி, காக்ஸி, கோல்மெ…
அவன் வீட்டு ஃபின்னிஷ் எண்களை முணுமுணுத்தபடி
பூட்ஸை மெல்ல ஊன்றி
எனக்கு முன்னே ஏறினான்.
ஏழாவது படியில் ஒருமுறை வழுக்கினான்.
அதற்கு விளக்கு பொறுப்பல்ல.

வாசலில் நின்று மூச்சு வாங்கினான்,
கீழே திரும்பிப் பார்த்தான்.
இருட்டில் அவன் திரும்பிப் பார்த்து
எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் போட்டேன்,
வரவில்லை.

"கராஜ் அலமாரியில்
ஒரு விளக்கு ஒளித்துவைத்திருக்கிறாயே" என்றான்,
"அதையும் கொண்டுவந்து
இங்கே எங்காவது புதைத்துவிடு."